காசில்லாத டிக்கெட்

போன தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மாலை, பெரம்பலூர் பஸ் நிலையத்தில் குரும்பலூர் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். எனக்கு இரண்டு வரிசை முன்னால், பெண்கள் பக்கத்தில், என் அத்தை உட்கார்ந்திருந்தாள். சிறுவாச்சூர் மதுர காளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்தக் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியுந்தான் திறந்திருக்கும். மற்ற நாட்களில் அம்மன் பக்கத்து மலைக்குப் போய்விடுவதாக ஐதிகம். ஏன் போகிறாள், எதற்குப் போகிறாள் என்று அவளை யாரும் கேட்டதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

பஸ் கிளம்பும் நேரத்தில் நிரம்பிவிட்டது. கூடையோடு வந்தவர்கள், குழந்தையோடு வந்தவர்கள், வெங்காயம் அறுத்துவிட்டுக் கையெல்லாம் வாசனையோடு வந்தவர்கள் என்று பெரும்பாலும் பெண்கள். என் பக்கத்தில் ஒரு கனவான் வந்து அமர்ந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு தோல் பை. பெரம்பலூரில் ஏதோ அலுவலாக வந்து திரும்புகிறவர் என்று தோன்றியது. அவரும் டிக்கெட் வாங்கினார், நானும் வாங்கினேன். வாங்கிய டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"பார்த்தீங்களா சார்? வண்டியிலே அறுபது பேர். காசு கொடுத்தது நீங்களும் நானும் இன்னும் பத்துப் பேரும். மிச்சம் அத்தனையும் ஓசி."

குரலைத் தாழ்த்திச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். பெரிய சிரிப்பு அல்ல. முன்பின் தெரியாத மனிதர் ஏதாவது சொன்னால், ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் உதட்டோரத்தில் ஒன்று வருமே, அது. அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையும் இல்லை.

முன்னால் இருந்த அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்த சுருக்குப் பையை எடுத்தாள். நிதானமாகக் கயிற்றைத் தளர்த்தினாள். வெற்றிலைக்கும் பாக்குக்கும் அடியில் கிடந்த நாணயங்களைப் பொறுக்கி எண்ணிக் கண்டக்டரிடம் நீட்டினாள்.

"குரும்பலூர் ஒண்ணு."

"ஆத்தா, உங்களுக்குக் காசு இல்லை. இந்தாங்க டிக்கெட்."

"தெரியும்ப்பா. எனக்குக் காசு டிக்கெட்டே கொடு."

கண்டக்டர் நல்ல பையன். முப்பது வயதுகூட இருக்காது. காசு வாங்கிக்கொண்டால் தன் கணக்குத்தான் இடிக்கும் என்று பொறுமையாக விளக்கினான். அத்தை கையை மடக்கவில்லை. பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். "வாங்கிக்கய்யா, பாட்டி பணக்காரி" என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள். கடைசியில் அவன் அந்தக் காசில்லாத டிக்கெட்டைக் கிழித்து அவள் மடியில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான். சுமார் எட்டுக் கிலோ மீட்டர் தூரமும் அத்தை அந்த நாணயங்களைக் கையிலேயே பொத்தி வைத்துக்கொண்டு வந்தாள். இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது என்னோடு பேசவில்லை. தோல் பைக் கனவானின் முகம் அவளுக்குத் தெரியாது. ஆனால் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் யார் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மனிதர் சொன்னது அநியாயம் என்று பட்டது. ஆனால் என்ன அநியாயம் என்று எனக்கே விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் பஸ்ஸிலேயே சொல்லியிருப்பேனே!

விஷயத்தை ஆரம்பத்திலிருந்து பார்ப்போம். 2021-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதி மு. க. ஸ்டாலின் முதலமைச்சராகப் பதவியேற்ற அன்று கையெழுத்திட்ட உத்தரவுகளில் ஒன்று, சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்கள் கட்டணமில்லாமல் பயணம் செய்யலாம் என்பது. மறுநாளே அது நடைமுறைக்கு வந்தது. சில வாரங்களில் மாற்றுத் திறனாளிகளையும் திருநங்கைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு அதற்கு 'விடியல் பயணம்' என்று பெயரும் சூட்டினார்கள். தொடக்கத்தில் ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் ஆகும் என்று கணக்கிட்டார்கள். 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் 3,600 கோடி ஒதுக்கும்படி ஆயிற்று. மூன்று மடங்கு! தோல் பைக் கனவானின் வயிற்றெரிச்சலுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. இந்தப் பணத்தை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடு செய்கிறது. அதற்குக் கணக்கு வேண்டும் என்பதற்காகத்தான் காசில்லாத பெண்களுக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார்கள்.

மாநிலத் திட்டக் குழு ஓர் ஆய்வு நடத்தி, இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று சொன்னது. எண்ணூற்று எண்பத்தெட்டு ரூபாய் என்பது என் போன்றவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலில் குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டு மறந்துபோகிற தொகை. தினக் கூலிக்குப் போகிற வீட்டில் அது அரிசி, மருந்து, பிள்ளையின் நோட்டுப் புத்தகம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு பஸ்ஸை விட்டால் வேறு கதி இல்லை என்பதையும் வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். பெரம்பலூர் மாவட்டத் தலைநகரந்தான். ஆனால் அங்கே ரயில் நிலையம் கிடையாது. ரயில் பிடிக்க வேண்டுமானால் அரியலூருக்குப் போகவேண்டும். குரும்பலூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு, கலெக்டர் கச்சேரிக்கு, சந்தைக்கு, துணிக்கடைக்கு எதற்கும் பஸ்தான். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கும் அதுவே. இலவசம் டவுன் பஸ்ஸோடு சரி. திருச்சிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கட்டணந்தான். ஆகவே பெண்கள் ஊர் ஊராக உல்லாசப் பயணம் போகிறார்கள் என்று சொல்கிறவர்கள் பஸ்ஸில் ஏறிப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். கும்பினிக் காலத்தில் அரசாங்கத் தபால்களுக்குக் கட்டணம் கிடையாதாம். 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்பதன் முதலெழுத்துக்களை மட்டும் உறையின் மேல் எழுதி அனுப்புவார்களாம். அந்த 'ஓ.ஸி.எஸ்'தான் தேய்ந்து 'ஓசி' ஆயிற்று என்று சொல்வார்கள். இது உண்மையானால் வேடிக்கைதான். முதன் முதலில் ஓசியில் போனவர்கள் துரைமார்கள்! அப்போது அந்தச் சொல்லில் அதிகாரம் இருந்தது. கை மாறிக் கை மாறிக் கூலிக்காரியிடம் வந்து சேர்ந்தபோது அதில் அவமானம் மட்டுமே மிஞ்சியிருந்தது. 2022-இல் ஓர் அமைச்சரே மேடையில் இந்தச் சொல்லைப் பெண்களைப் பார்த்து உபயோகித்து, பெரிய சர்ச்சை எழுந்தது. திட்டத்தைக் கொண்டுவந்தவர்களின் வாயிலேயே அந்தச் சொல் வருமானால், வேண்டாம் என்கிறவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

ஆனால் எல்லா இலவசத்துக்கும் நாம் இந்தச் சொல்லைச் சொல்வதில்லை. என் தொழிலிலிருந்தே ஒரு திருஷ்டாந்தம் தருகிறேன். என் நாவல்களை விலை கொடுத்து வாங்கிப் படித்தவர்களைவிட நூலகத்தில் எடுத்துப் படித்தவர்கள் பல மடங்கு. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதற்கு விதை போட்டவர் எஸ். ஆர். ரங்கநாதன். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாக நம் எல்லோரிடமும் வசூலாகிறது. புத்தகமே தொடாதவனும் அந்தப் பத்துப் பைசாவைக் கொடுக்கத்தான் கொடுக்கிறான். நூலகத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து படிக்கிற மனிதரைப் பார்த்து 'ஓசி வாசகர்' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? மாதம் ஒரு கடிதம் எனக்கு அப்படிப்பட்டவர்களிடமிருந்துதான் வருகிறது. பெருமையாக எடுத்து வைத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் சம்பளம் இல்லாமல் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! தெரு விளக்கு வெளிச்சத்தில் நடந்து போகிறோம். கம்பத்துக்குக் கம்பம் காசு போட்டுக்கொண்டா போகிறோம்?

தெரு விளக்கும் பஸ்ஸும் ஒன்றல்ல என்று சொல்லலாம். சரியான ஆட்சேபணைதான். விளக்கடியில் இன்னொருவர் வந்து நின்றால் வெளிச்சம் குறைவதில்லை. பஸ்ஸில் இன்னொருவர் ஏறினால் எனக்கு உட்கார இடம் போய்விடுகிறது. காசு கொடுத்தவன் நின்றுகொண்டும் கொடுக்காதவர் உட்கார்ந்துகொண்டும் போகும்போது, நிற்கிறவனுக்குச் சுருக்கென்கிறது. அது மனித சுபாவம். அதைக் கேலி செய்ய நான் தயாராக இல்லை.

அதைவிடக் கனமான ஆட்சேபணை ஒன்று உண்டு. கட்டட வேலைக்குப் போகிற சித்தாளுக்கு டிக்கெட் இல்லை. அவளோடு அதே வேலைக்குப் போகிற அவள் புருஷனுக்கு உண்டு. நகைக்கடைக்காரரின் மனைவி ஏறினாலும் அவளுக்கு டிக்கெட் இல்லை. (அவள் ஏறமாட்டாள் என்பது வேறு விஷயம். டவுன் பஸ்ஸில் ஏறத் தயாராக இருப்பதே ஒரு வருமானச் சான்றிதழ்தான். தாசில்தார் கையெழுத்துக்கூட வேண்டாம்.) கூலி வேலைக்குப் போகிற ஆண் மட்டும் என்ன பாவம் செய்தான்? இந்தக் கேள்விக்கு எவ்வளவோ யோசித்தும் எனக்கு முழுத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. ஒரே நியாயந்தான் சொல்ல முடிகிறது. அதைச் சொல்ல என் அத்தையின் கதைக்குத் திரும்ப வேண்டும்.

அத்தை வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் வீட்டுப் பெட்டிச் சாவி மாமனாரிடம் இருந்தது. பிறகு மாமாவிடம் வந்தது. மாமா காலமான பின் அத்தானிடம் போயிற்று. இவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. அத்தான் தாயாரைத் தாங்குகிற பிள்ளை. கேட்டு இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் கேட்கவேண்டும். கேட்டால் அவர் ஒன்று கேட்பார்: "எங்கேம்மா போறே? எதுக்கு?"

கேள்வியில் குற்றம் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. எந்தப் பிள்ளையும் கேட்பதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஐம்பது வருஷமாக ஒருத்தி வீட்டுப் படியைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் பஸ் காசோடு அந்தக் கேள்வியையும் சேர்த்து வாங்கியிருக்கிறாள். ஆகவே கேள்விக்குத் தாங்கக்கூடிய காரணம் இருந்தால்தான் கிளம்புவாள். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, கோயில். இவை நான்கும் செல்லுபடியாகும் காரணங்கள். லாடபுரத்தில் ஒரு சிநேகிதி இருக்கிறாள், சின்ன வயசில் ஒன்றாகப் பல்லாங்குழி ஆடியவள், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்பது செல்லுபடியாகாது. அது காரணமே இல்லை. அதற்குப் போய் யார் காசு கேட்பார்கள்? லாடபுரம் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் அல்ல என்றாலும் ஒரு நடை தூரந்தான். பச்சைமலை அடிவாரத்து ஊர். அந்தச் சிநேகிதியை அத்தை இருபது வருஷம் பார்க்கவில்லை.

2021-க்குப் பிறகு, கொரோனாக் கெடுபிடி ஓய்ந்த சமயம், அத்தை ஒரு நாள் காலையில் பழையதைச் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையை விட்டு இறங்கினாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததால் யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தாள். மடியில் லாடபுரத்துப் புளியங்காய். "எங்கேம்மா போயிருந்தே?" என்றார் அத்தான். "இங்கேதான்" என்றாள் அத்தை. இதை அத்தானே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். அவருக்கும் அதில் ஒரு சந்தோஷம் இருந்தது என்று நினைக்கிறேன். கேள்வி கேட்கிற உத்தியோகத்திலிருந்து அவருக்கும் விடுதலைதானே!

அத்தைக்கு மிச்சமானது எண்ணூற்று எண்பத்தெட்டு ரூபாய் அல்ல. அவ்வளவு ரூபாய்க்கு அவள் பயணம் போனதே இல்லை. அவளுக்கு மிச்சமானது அந்தக் கேள்வி. கூலி வேலைக்குப் போகிற ஆண் வறியவனாக இருக்கலாம். ஆனால் கையில் இருக்கிற காசைச் செலவழித்து பஸ் ஏற அவன் யாருக்கும் காரணம் சொல்வதில்லை. பெண்களுக்கு மட்டும் ஏன் என்பதற்கு எனக்குத் தோன்றுகிற ஒரே நியாயம் இது. அந்த ஆணுக்கு இது போதுமான பதில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மாதக் கடைசியில் நாலு மைல் நடந்து போகிறவனிடம் உனக்குக் கேள்வி இல்லையே என்று சொன்னால், 'கால் வலிக்கு அது மருந்தா?' என்றுதான் கேட்பான்.

2019-ஆம் ஆண்டு டில்லியில் மெட்ரோ ரயிலிலும் பஸ்ஸிலும் பெண்களுக்கு இலவசம் என்று அந்த மாநில அரசு அறிவித்தபோது, மெட்ரோவைக் கட்டிய பொறியாளர் இ. ஸ்ரீதரன் பிரதமருக்கு ஒரு கடிதம் எழுதினார். மெட்ரோவில் இலவசம் கூடாது என்பது அவர் வாதம். 2002 டிசம்பரில் முதல் பாதையைத் திறந்துவைத்தபோது பிரதமர் வாஜ்பாய்கூட டிக்கெட் வாங்கித்தான் பயணம் செய்தார் என்று அதில் நினைவூட்டினார். பெண்களுக்கு உதவி செய்யவேண்டும் என்று அவ்வளவு ஆசை இருந்தால், பயணச் செலவை அவர்கள் கையில் பணமாகக் கொடுத்துவிடட்டும் என்றும் எழுதினார். மெட்ரோவில் அந்த யோசனை நடக்கவில்லை. பஸ்ஸில் மட்டும் அந்த வருஷம் அக்டோபர் 29-ஆம் தேதி முதல் இலவசம் வந்தது.

ஸ்ரீதரனிடம் எனக்கு நிரம்ப மரியாதை உண்டு. கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது ரொம்பச் சரி. பஸ்ஸுக்கு வருமானம் வருமானமாகவே இருக்கும். பெண்களுக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் கதை எழுதுகிறவனுக்குக் கணக்கு முடிந்த பிறகுதான் வேலை ஆரம்பமாகிறது. அத்தையின் வங்கிக் கணக்கில் பணம் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கிப் புத்தகம் யாரிடம் இருக்கும்? எடுத்துக்கொடுப்பவர் யார்? வேறு சில வீடுகளில் எடுத்த பணம் டாஸ்மாக் கடை வாசலைத் தாண்டுமா? பணம் என்றால் அதை வாங்கி வைத்துக்கொள்ளலாம், பிடுங்கிக்கொள்ளலாம், வெங்காயத்துக்கு மருந்து வாங்கியாயிற்று என்று சொல்லிவிடலாம். பயணத்தை யாரும் பிடுங்கிக்கொள்ள முடியாது. அவள் தானே ஏறி, தானே இறங்கினால்தான் அது உண்டு.

உலகத்தில் வேறு இடங்களிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். எஸ்டோனியா நாட்டுத் தலைநகர் டாலின் 2013-இல் தன் நகரவாசிகளுக்குக் கட்டணத்தை எடுத்தது. 2020 பிப்ரவரி 29-ஆம் தேதியிலிருந்து லக்ஸம்பர்க் என்ற சின்னஞ்சிறு நாடு பஸ், டிராம், ரயில் எல்லாவற்றையும் எல்லோருக்கும் இலவசமாக்கிற்று. ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் காசு. பெல்ஜியத்தில் ஹாஸெல்ட் என்ற நகரம் 1997-இல் இலவச பஸ் விட்டுப் பெயர் வாங்கியது. செலவு தாங்காமல் 2013-இல் பெரும்பாலோருக்குக் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. இந்தக் கடைசிச் செய்தியை நம்மவர்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்கவேண்டும்.

டாலின் பற்றி நடந்த ஆராய்ச்சியில் ஒரு விசித்திரம் தெரிந்தது. கார்க்காரர்களை பஸ்ஸுக்கு இழுப்பதுதான் அவர்கள் நோக்கம். கார்க்காரர்கள் அவ்வளவாக வரவில்லை. அதுவரை நடந்து போய்க்கொண்டிருந்தவர்கள்தான் அதிகமாக பஸ் ஏறினார்கள். அங்கே விஷயம் தெரிந்தவர்கள் இதை ஒரு குறையாகவே எழுதியிருக்கிறார்கள். நடப்பது உடம்புக்கு நல்லது, அதைக் கெடுத்துவிட்டோமே என்று கவலை.

எனக்குச் சிரிப்பு வந்தது. பங்குனி வெயிலில் காட்டு வேலை முடித்து, தலையில் புல்லுக்கட்டோடு தார் ரோட்டில் செருப்பில்லாமல் நடந்து வருகிற பெண்ணை அந்த ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? நடந்தவள் பஸ் ஏறுவதுதான் இங்கே வெற்றி. அங்கே தோல்வி என்று எண்ணியதும் இங்கே வெற்றி என்று எண்ணுவதும் ஒரே காரியம்! சீமையில் கண்ட சரக்கு என்று அப்படியே தூக்கிக்கொண்டு வந்து நியாயம் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். இந்தப் பக்கம் பேசுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஏனென்றால் திட்டத்தைப் புகழ்கிறவர்களிடமும் எனக்கு மனஸ்தாபம் உண்டு. பஸ்ஸின் முன்பக்கத்துக்கு இளஞ்சிவப்புச் சாயம் அடித்தார்கள். இலவச பஸ் எது என்று தூரத்திலேயே தெரியவேண்டும் என்பதற்காக என்று சொன்னார்கள். சரி. ஆனால் அந்தச் சாயம் பெண்களுக்கு மட்டுமா அடையாளம் காட்டுகிறது? கொடுத்த கையையும் அல்லவா காட்டுகிறது? நூலகத்துக்கு வரி வாங்கச் சட்டம் இருக்கிறது. இந்தப் பயணமோ ஓர் அரசாணையில் வந்தது. ஒரு கையெழுத்தில் வந்தது இன்னொரு கையெழுத்தில் போகலாம். அது போகாமல் இருக்கவேண்டுமானால் அதை வாங்குகிறவர்கள் நன்றியோடு இருக்கவேண்டும் என்கிற எதிர்பார்ப்பு எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. நன்றியை எதிர்பார்க்கிற இடத்தில்தான் 'ஓசி' என்ற சொல்லும் முளைக்கிறது. இரண்டும் ஒரே வேரில் விளைந்தவை. அத்தை வாங்குகிற சோப்பிலும் தேயிலைப் பொட்டலத்திலும் வரி போகிறது. அந்த வரியை யாரும் அவளுக்கு நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளவில்லை.

இன்னொன்று, பஸ்ஸே வராவிட்டால் இலவசம் எதற்கு? காலையில் ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை என்று பஸ் வருகிற கிராமங்கள் எங்கள் பக்கத்தில் இருக்கின்றன. சாயங்கால நடையைத் தவறவிட்டவள் ராத்திரி எங்கே தங்குவாள்? மினி பஸ்ஸிலோ, தனியார் பஸ்ஸிலோ அவள் காசு கொடுத்தே ஆகவேண்டும். 3,600 கோடியில் ஒரு பங்கை இன்னும் சில வண்டிகளுக்கும், ஒழுகாத கூரைக்கும் செலவழித்து, கட்டணத்தில் பாதி வாங்கினால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். பாதி வாங்கினால் மறுபடியும் பெட்டிச் சாவிக்காரரிடம் போய் நிற்கவேண்டும் என்றேன். முழுக் காசுக்கும் அரைக் காசுக்கும் கேள்வி ஒன்றுதான். நண்பர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் இரண்டையும் செய்யவேண்டும், பணத்துக்கு எங்கே போவது?" என்றார். எங்கே போவது என்பது நாவலாசிரியனைக் கேட்கவேண்டிய கேள்வி அல்ல. அடுத்த மாநிலமான கர்நாடகத்தில் 2023 ஜூனில் பெண்களுக்கு இலவசம் கொடுத்தார்கள். 2025 ஜனவரியில் மற்றவர்களுக்குக் கட்டணத்தைப் பதினைந்து சதவிகிதம் உயர்த்தினார்கள். உயர்வுக்கு வேறு காரணங்கள் சொன்னார்கள். காரணம் எதுவானாலும், தோல் பைக் கனவான்கள் கர்நாடகத்திலும் இருப்பார்கள் அல்லவா?

அன்றைக்கு அந்த மனிதரிடம் நான் சொல்லியிருக்கவேண்டியது என்ன என்று இப்போது ஓரளவு தெரிகிறது. சொல்லியிருந்தால் அவர் ஒப்புக்கொண்டிருப்பார் என்று சொல்லமாட்டேன். "உங்கள் அத்தை சிநேகிதியைப் பார்க்க நான் ஏன் சார் காசு கொடுக்கணும்?" என்று கேட்டிருப்பார். "உங்கள் பிள்ளை படிக்க அவள் காசு கொடுக்கவில்லையா?" என்று நான் கேட்டிருப்பேன். பஸ் குரும்பலூர் வந்திருக்கும். இறங்கியிருப்போம்.

ஆனால் அத்தை விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் ஒரு மாதத்துக்கு மேல் எங்கும் கிளம்பவில்லையாம். முட்டி வலி என்று சொன்னாளாம். அத்தான் டெலிபோனில் இதைச் சொன்னபோது எனக்கு நெஞ்சில் என்னவோ அடைத்தது. ஒரு சொல் அவளை மறுபடியும் திண்ணையில் உட்காரவைத்துவிட்டது. அந்தச் சொல்லுக்கு நான் சிரித்தேன்.

மாசி கடைசியில் ஒரு காரியமும் இல்லாமல் ஊருக்குப் போனேன். அத்தையிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றுதான் போனேன். நம் குடும்பங்களில் அத்தையிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்கே இருக்கிறது? காப்பி சாப்பிட்டேன். வெங்காய விலை விசாரித்தேன். மழை பற்றிப் பேசினேன். கடைசியில், "அன்னிக்கு பஸ்ஸிலே..." என்று ஆரம்பித்தேன்.

"என்னைக்கு?" என்றாள் அத்தை.

"சிறுவாச்சூர் போனோமே."

"ஆமா. கூட்டம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த நாள் காலை நான் திண்ணையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். அத்தை வெளுத்த புடவை கட்டிக்கொண்டு, சுருக்குப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினாள். முட்டி வலி இருந்ததாகத் தெரியவில்லை.

"எங்கே அத்தை கிளம்பிட்டீங்க?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டுவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. அத்தை நின்றாள். என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சும்மாதாண்டா தம்பி" என்றாள்.

ரோட்டுப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேகமாக நடந்தாள்.